ஊட்டியில் இருந்துகொண்டு அமெரிசியத்துக்கு லிகண்ட் செய்ய முடியுமா?

ஹட்டிப்பெண் கேட்டது:

வணக்கம். ஊட்டியில் எம்.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். வீடு கட்டபெட்டு பக்கம் ஒரு ஹட்டி (படுகர் சிற்றூர்). ப்ராஜெக்ட் தலைப்பு முடிவாகிவிட்டது: அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளில் இருக்கும் அமெரிசியத்தையும் கூரியத்தையும் லாந்தனைடுகளிடமிருந்து (யுரோப்பியம் மாதிரி அரிய மண் உலோகங்கள்) பிரிக்கும் நைட்ரஜன் லிகண்டுகள், அதாவது உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகள். வீட்டில் சொன்னதும் அப்பா, "பச்சைத் தேயிலைக்கு விலை வர்ற வழியக் கண்டுபிடிப்பன்னு பார்த்தா, அணுக்குப்பையக் கிளறப் போறியா" என்றார். அவரை ஒருவழியாகச் சமாளித்துவிட்டேன். என் சந்தேகங்களைத்தான் சமாளிக்க முடியவில்லை.

எங்கள் லேபில் கதிரியக்கப் பொருள் எதையும் வைத்துக்கொள்ள முடியாது. இருப்பது சாதாரண யுரோப்பியம் நைட்ரேட், லாந்தனம் நைட்ரேட், ஒளிர்வை அளக்கும் ஒரு ஃப்ளோரிமீட்டர், யு.வி. அவ்வளவுதான். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். வெளியே அனுப்பித்தான் எடுக்க வேண்டும். அமெரிசியத்தைத் தொடாமலேயே அமெரிசியத்துக்கு லிகண்ட் செய்தேன் என்று எழுதினால் வைவாவில் சிரிக்க மாட்டார்களா?

அடுத்தது, படித்த பேப்பர்களில் பாதிக்கு மேல் ட்ரையசீன் வளையத்தோடு நான்கு மீத்தைல் போட்ட ஒரு சைக்ளோஹெக்சேன் வளையம் ஒட்டிக்கொண்டே வருகிறது. "சைமீ4" என்று பெயர் போடுகிறார்கள். அதற்கு வேண்டிய டைகீட்டோன் எங்கள் பட்ஜெட்டில் இல்லை. நாமே செய்வதென்றால் சோடியம் உலோகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். கைடு, "பென்சில் (benzil) டைகீட்டோன் அலமாரியில் கிடக்கிறதே, அதைப் போட்டுச் செய்யேன்" என்கிறார். அது போதுமா? அந்த நான்கு மீத்தைல் எதற்குத்தான் அங்கே இருக்கிறது?

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பேப்பரில் "ஒரு ராத்திரி ரிஃப்ளக்ஸ்" (கரைப்பானை விடாமல் கொதிக்க வைப்பது) என்று இருப்பதை இங்கே செய்தால், வினை முடிந்ததா என்று பார்க்கும் டி.எல்.சி. தட்டில் தொடக்கப் பொருள் பாதி அப்படியே நிற்கிறது. என் கைராசியா, ஊட்டிக் குளிரா?

கணக்குக் கெமிஸ்ட்:

நானும் கோத்தகிரிதான் தங்கச்சி. இப்போது சென்னையில் டி.எஃப்.டி. கணக்கு (மூலக்கூறின் ஆற்றலைக் கம்ப்யூட்டரில் கணிப்பது) போட்டுப் பிழைக்கிறேன்.

இந்தத் தலைப்பு ஏன் கஷ்டம் என்பதை மூன்று எண்ணில் சொல்லிவிடலாம். மூன்று பிளஸ் அயனி ஆரம்: அமெரிசியம் 97.5 பிக்கோமீட்டர், நியோடிமியம் 98.3, யுரோப்பியம் 94.7. சார்ஜும் ஒன்று, அளவும் கிட்டத்தட்ட ஒன்று. ஆக்சிஜன் வழியாகப் பிடிக்கிற லிகண்டுக்கு இவர்களை அடையாளம் தெரியாது. ஒரே துருப்பு 5எஃப் ஆர்பிட்டால்தான். லாந்தனைடின் 4எஃப் உள்ளுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. ஆக்டினைடின் (அமெரிசியம், கூரியம் இந்த வகை) 5எஃப் கொஞ்சம் வெளியே வருகிறது. நைட்ரஜன், கந்தகம் மாதிரி மென்மையான அணு எதிரே வந்தால் லேசாக எலக்ட்ரான் பகிர்ந்துகொள்ளும்.

எவ்வளவு லேசாக? பிரிப்புக் காரணி என்பது லாந்தனைடைவிட அமெரிசியம் எத்தனை மடங்கு நன்றாகப் பிரிந்து வருகிறது என்ற எண். 25 டிகிரியில் அது 100 வருவதற்கு மோலுக்கு 2.7 கிலோ கலோரி ஆற்றல் வித்தியாசம் போதும். நாங்கள் போடும் கணக்கின் பிழையே பல நேரம் அதற்குக் குறையாது. அதனால் ஒரு லிகண்டை எடுத்து "காரணி 140 வரும்" என்று யாராவது கம்ப்யூட்டரில் சொன்னால் நம்பாதீர்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று லிகண்டுகளை வைத்து, எது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க மட்டும் கணக்கு உதவும். ஓர்கா மென்பொருள் கல்வி நிறுவனங்களுக்கு இலவசம். ப்ராஜெக்ட்டில் ஒரு அத்தியாயம் அதற்கு ஒதுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஹாட்செல் தாத்தா:

தம்பி சொன்ன 2.7 கிலோ கலோரியை நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. ஆனால் அந்தக் காரணியிலேயே மயங்கி நின்றுவிடாதீர்கள். நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் கரைப்பான் பிரிப்பில்தான் போனது. கடற்கரையில், ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, மானிப்புலேட்டர் கையால் அந்தப் பக்கத்துக் குப்பியைத் திறக்கிற வேலை. ரிட்டயர் ஆகி இப்போது குன்னூரில் இருக்கிறேன். என் அபிப்பிராயம் ஒன்றுதான்: பிரிப்புக் காரணி பேப்பரில் படம் போட நல்ல எண். லிகண்டுகள் செத்து விழுந்த இடம் வேறு.

எங்கே இந்த லிகண்ட் வேலைக்கு வருகிறது என்பதை முதலில் பாருங்கள். எரிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறோம். 3, 4 மோலார் அமிலத்தில் 30 சதவீத டி.பி.பி. (ட்ரைபியூட்டைல் பாஸ்பேட்) எண்ணெய்க் கரைசலைக் கலக்கினால் யுரேனியமும் புளூட்டோனியமும் மேலே எண்ணெய்க்குப் போய்விடும். இது ப்யூரெக்ஸ், எல்லாருக்கும் தெரிந்தது. டி.பி.பி.யே குறையில்லாதது அல்ல. புளூட்டோனியம் அதிகமுள்ள வேக ஈனுலை எரிபொருளில் அது எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே மூன்றாவது படலம் ஒன்றை உண்டாக்கும். அதனால்தான் கல்பாக்கத்தில் ட்ரை ஐசோஅமைல் பாஸ்பேட்டை எடுத்து நீண்ட காலம் ஆராய்ந்தார்கள். சரி, அதெல்லாம் போன பிறகு கீழே மிஞ்சும் அமில நீரில்தான் உங்கள் அமெரிசியமும் கூரியமும் இருக்கின்றன. கூடவே அவற்றைப் போலப் பல மடங்கு லாந்தனைடுகள். லாந்தனைடு கூட இருந்தால் என்ன என்று கேட்கலாம். சமாரியம், கடோலினியம் எல்லாம் நியூட்ரானை விழுங்குகிறவை. அமெரிசியத்தை உலையில் போட்டு எரிக்க வேண்டுமென்றால் அவற்றை விலக்கியே ஆக வேண்டும்.

இப்போது செத்தவர்களின் கதை. 1990-களின் நடுவில் சீனாவில் சயனெக்ஸ் 301 என்ற, கந்தகம் கொண்ட கரிம அமிலத்தைச் சுத்தம் செய்து அமெரிசியத்துக்கு வைத்துப் பார்த்தார்கள். காரணி 5000-க்கு மேல்! ஆனால் பி.ஹெச். 3, 4 என்ற அளவில்தான் அது வேலை செய்யும். நம் கழிவு நீரோ மோலார் கணக்கில் அமிலம். அது போக, உள்ளே கந்தகமும் பாஸ்பரசும் இருக்கின்றன. எரித்தால் சாம்பல் மிஞ்சும். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் மட்டும் இருந்தால் பழைய கரைப்பானை எரித்து வாயுவாக்கி முடித்துவிடலாம் என்பது ஐரோப்பியர்களின் விதி.

அந்த விதிக்குள் 1999-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் கோலாரிக் குழு கொண்டுவந்ததுதான் பி.டி.பி. நடுவில் பிரிடின், இரண்டு பக்கமும் ட்ரையசீன். மூன்று லிகண்டுகள் சேர்ந்து ஒரு அமெரிசியத்தைச் சுற்றி ஒன்பது நைட்ரஜனால் மூடிவிடும். 1 மோலார் அமிலத்திலேயே காரணி 100-ஐத் தாண்டியது. எல்லாரும் குதித்தார்கள். அப்புறம் அமிலத்தோடும் கதிர்வீச்சோடும் வைத்தபோது லிகண்ட் கரைந்து காணாமல் போனது. ஏன் என்றால், முதல் பி.டி.பி.களில் ட்ரையசீனுக்கு வெளியே சும்மா புரோப்பைல் சங்கிலி. வளையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் முதல் கார்பனின் ஹைட்ரஜனை நைட்ரஸ் அமிலமும் ராடிக்கல்களும் பிடுங்கிக்கொள்ளும். உங்கள் நான்கு மீத்தைல் அங்கே இருப்பது இதற்காகத்தான். அந்தக் கார்பனில் பிடுங்க ஹைட்ரஜனே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

சைமீ4-பி.டி.பி. அமிலத்தைத் தாங்கியது. ஆனால் அமெரிசியத்தைப் பிடித்த பிடியை விட மறுத்தது. விடாத லிகண்டை வைத்துக்கொண்டு பிளாண்ட்டில் என்ன செய்வது? கரைப்பான் திரும்பத் திரும்பச் சுற்றி வர வேண்டும். அப்புறம் நான்கு நைட்ரஜனால் பிடிக்கும் பி.டி.பி.பி. வந்தது. இது பிடிக்கும், விடவும் செய்யும், ஆனால் ஆமை வேகம். நடுவில் இருக்கும் இரண்டு பிரிடினும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். உலோகம் வந்த பிறகுதான் திரும்பி வாய் திறக்கும். நம் ஊர் மழை தலையில் விழுந்த பிறகு மடக்குக் குடையோடு போராடுகிற மாதிரி. கரைதிறனும் மோசம், எண்ணெய்ப் பக்கத்துக் கரைப்பானான ஆக்டனாலில் 0.01 மோலாரைத் தாண்டுவதே பாடு. அந்த இரண்டு பிரிடினையும் திரும்ப முடியாமல் ஃபினான்த்ரோலினாகப் பூட்டி வைத்ததுதான் பி.டி.ஃபென். வேகம் கிடைத்தது. செய்து முடிக்கப் படிகள் கூடிவிட்டன.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். யுரோப்பியத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிரிப்புக் காரணி சொல்ல முடியாது. சொல்லாதீர்கள். ஆனால் மேலே செத்த லிகண்டுகளில் எத்தனை காரணி போதாமல் செத்தன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லை. அமிலத்தில் தாங்குமா, கரையுமா, எவ்வளவு நேரத்தில் சமநிலைக்கு வரும், எதைப் போட்டால் விடும், இவற்றுக்கெல்லாம் அமெரிசியம் வேண்டாம். ஃப்ளோரிமீட்டர் இருக்கிறது என்கிறீர்கள், பெரிய சொத்து. யுரோப்பியம் சிவப்பாக ஒளிரும், 615 நானோமீட்டர் பக்கத்தில். அந்த ஒளி அணைய எடுக்கும் நேரத்தை அளக்க முடிந்தால், அயனியைச் சுற்றி எத்தனை தண்ணீர் மூலக்கூறு மிஞ்சியிருக்கிறது என்று தெரியும். வெறும் தண்ணீரில் சுமார் 110 மைக்ரோ செகண்ட். அது ஒன்பது தண்ணீர். மூன்று பி.டி.பி. சுற்றிக்கொண்டால் தண்ணீர் எல்லாம் வெளியே, நேரம் மில்லி செகண்ட் கணக்குக்கு ஏறிவிடும்.

இன்னொன்றையும் செய்யுங்கள், இதை மாணவர்கள் யாரும் செய்வதில்லை. நிஜக் கழிவு நீரில் லாந்தனைடு மட்டுமா இருக்கிறது? எஃகுத் தொட்டி அரித்து வந்த இரும்பு, நிக்கல். பிளவில் பிறந்த பல்லேடியம், வெள்ளி, காட்மியம். ட்ரையசீன் லிகண்டுகளுக்கு இவற்றின் மேலும் ஆசை. சாதாரண உப்புகள், கல்லூரி ஸ்டோரிலேயே கிடைக்கும். பல்லேடியம் மட்டும் துளி வாங்கினால் போதும்.

பென்சில் வேண்டாம் என்பதற்கும் இதுவே பாதிக் காரணம். பென்சிலும் பிரிடின் அமிட்ரசோனும் (ஹைட்ரசீன் போட்டுச் செய்யும் முன்பொருள்) சேர்ந்தால் வருவது இரும்பு அளக்கப் பயன்படும் ஃபெரோசின் (ferrozine) என்ற வினைப்பொருளின் அடிப்படை எலும்புக்கூடு. ஃபெரஸ் இரும்பைக் கண்டால் பளீரென்று ஊதாவாகும். பார்க்க அழகு. ஆனால் ஃபீனைல் வளையங்கள் எலக்ட்ரானை இழுத்து நைட்ரஜனை பலவீனமாக்கும், கரைதிறனும் படுத்தும்.

கற்பூரத்தில் இருந்து போங்கள். கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் டைகீட்டோன் இருக்கிறது. பல் டாக்டர்கள் நீல விளக்கு காட்டி இறுக வைக்கும் ஃபில்லிங்கில் போடுகிற பொருள், அதனால் விலை கைக்கடக்கம். அதை வைத்து கார்ல்ஸ்ரூவேயிலேயே ஒரு பி.டி.பி. செய்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு ஹைட்ரஜன் மிஞ்சும்தான், ஆனால் அது பாலத்தின் முனைக் கார்பனில் இருக்கிறது. அங்கே ராடிக்கல் தட்டையாக உட்கார இடமில்லை, எளிதில் பிடுங்க முடியாது.

ரிஃப்ளக்ஸ் விஷயம்: கைராசி இல்லை அம்மா, உயரம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். எத்தனால் 78-க்குப் பதில் 71, 72. டையாக்சேன் 101-க்குப் பதில் 93 பக்கம். பேப்பர் எழுதியவர் கடல் மட்டத்துக்குக் கிட்டே இருந்திருப்பார். ஏழெட்டு டிகிரி இறங்கினால் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். நேரத்தைக் கூட்டுங்கள், இல்லை அதிகம் கொதிக்கும் கரைப்பானுக்கு மாறுங்கள். குடுவையை மூடிச் சூடாக்கும் வேலை வேண்டாம். குலுக்கும் சோதனைகளை 25 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் செய்யுங்கள். மார்கழியில் உங்கள் லேப் மேஜையில் ஆக்டனாலின் பிசுபிசுப்பு கூடி, எண்ணெயும் தண்ணீரும் பிரியவே யுகமாகும்.

நடுவட்டம் பேரன்:

நான் கெமிஸ்ட் இல்லை, பார்மசி. எங்கள் தாத்தா நடுவட்டம் கொய்னா ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். 1860-களில் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்ட சின்கோனா மரப்பட்டையில் இருந்து மலேரியா மருந்து எடுத்த இடம். பட்டைத்தூளில் சுண்ணாம்பு கலந்து, சூடான எண்ணெயில் ஊற வைத்து, அந்த எண்ணெயை நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்தோடு கலக்கினால் கொய்னா அமிலத்துக்கு இறங்கிவிடும் என்று சொல்வார். எண்ணெயை மறுபடி அடுத்த பட்டைக்கு எடுத்துக்கொள்வார்களாம். சார் சொல்வதும் இதே வேலைதானே? அங்கே அமிலம் போட்டால் விட்டது. இங்கே ஏற்கெனவே அமிலத்தில்தானே பிடிக்கிறது, எதைப் போட்டு விட வைப்பீர்கள்?

குந்தா எஸ்டேட்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இத்தனை லிகண்ட், இத்தனை வருஷம், ஒன்றாவது ஓடுகிற பிளாண்ட்டில் இருக்கிறதா? எல்லாவற்றையும் மொத்தமாகக் கண்ணாடியாக உருக்கிப் புதைத்தால் போதாதா? பிள்ளைகள் இரண்டு வருஷத்தை இதில் போட வேண்டுமா?

ஹாட்செல் தாத்தா:

பேரன் கேட்டது சரியான கேள்வி. கொய்னாவில் நைட்ரஜன் புரோட்டானை வாங்கியதும் தண்ணீர்ப் பக்கம் போய்விடும். இங்கே உலோகம் தனியாக ஏறுவதில்லை, மூன்று நைட்ரேட்டையும் கூட்டிக்கொண்டுதான் எண்ணெய்க்கு ஏறுகிறது. அந்த நைட்ரேட்டைக் குறைத்தால் இறங்கும். பி.டி.பி.பி.க்கு கிளைகாலிக் அமிலத்தை பி.ஹெச். 4-க்குக் கொண்டுவந்து கலக்குவார்கள். தண்ணீரில் இருக்கும் கிளைகாலேட் உலோகத்தைக் கீழே பிடித்துக்கொள்ளும். இப்போது கதையையே தலைகீழாகத் திருப்பியும் செய்கிறார்கள். டி.ஓ.டி.ஜி.ஏ. என்ற ஆக்சிஜன் லிகண்டால் லாந்தனைடு, ஆக்டினைடு எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டு, தண்ணீரில் கரையும் நைட்ரஜன் லிகண்டால் அமெரிசியத்தையும் கூரியத்தையும் மட்டும் கீழே இழுப்பது. எண்ணெயில் கரையவில்லையே என்ற தலைவலி அதில் போய்விடுகிறது. எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

எஸ்டேட் சார், நீங்கள் கேட்டதில் பாதி நியாயம். இன்று நம் நாட்டில் டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கத்தில் நடப்பது போரோசிலிக்கேட் கண்ணாடியாக்குவதுதான். பிரான்ஸிலும் அமெரிசியத்தைக் கண்ணாடிக்குள்தான் வைக்கிறார்கள். சீசியம் 137-ம் ஸ்ட்ரான்சியம் 90-ம் சுமார் 30 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும், சில நூறு வருஷத்தில் அடங்கிவிடும். அமெரிசியம் 241-க்கு அரை ஆயுள் 432 வருஷம், 243-க்கு 7,000-க்கு மேல். அதை எடுத்துவிட்டால் கண்ணாடி காவல் காக்க வேண்டிய காலமும் சூடும் குறையும். அதே சமயம், எடுத்த கூரியத்தைக் கையாள்வது எவ்வளவு தொல்லை என்று லிகண்ட் பேப்பர்களில் எழுத மாட்டார்கள். கூரியம் 244 நியூட்ரான் கக்கும், கொதிக்கும். அமெரிசியத்தை மட்டும் எடு, கூரியத்தைக் கண்ணாடிக்கே விடு என்று இப்போது பலர் பேசுவதற்கு அதுதான் காரணம். மாணவி இரண்டு வருஷம் போடலாமா என்றால், தாராளமாக. அயனிகளை இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கத் தெரிந்த கெமிஸ்டுக்கு அரிய மண் தாதுவிலும் வேலை உண்டு, பேட்டரிக் கழிவிலும் உண்டு.

ஹட்டிப்பெண்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சார், கேம்ஃபர்குவினோன்தான் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சின்னக் கேள்வி. பூஜைக் கற்பூரத்தில் இருந்தே செலினியம் டையாக்சைடு போட்டு நானே செய்துகொள்ளலாமா? கதிர்வீச்சு தாங்குமா என்பதை எங்கே பார்ப்பது? என் தம்பி யூடியூபைப் பார்த்துவிட்டு, புகை டிடெக்டரில் அமெரிசியம் இருக்கிறது, ஆன்லைனில் வாங்கலாம் என்கிறான்!

ஹாட்செல் தாத்தா:

தம்பியின் காதைத் திருகுங்கள். அந்தத் தகடு மூடியிருக்கும் வரை பாதுகாப்பு. சுரண்டினால் ஆல்ஃபா தூசி, நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சட்டப்படியும் குற்றம்.

பூஜைக் கற்பூரம் வேண்டாம். சுத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், கடையில் கிடைப்பது டர்பன்டைனில் இருந்து செய்த கற்பூரம்; இடக்கை, வலக்கை வடிவம் இரண்டும் பாதிப் பாதி கலந்தது. உங்கள் லிகண்டில் இரண்டு பக்கமும் கற்பூரம் உட்காரும். இரண்டும் ஒரே கை, இரண்டும் வேறு வேறு கை என்று டயஸ்டீரியோமர் கலவை வந்து, என்.எம்.ஆரில் உச்சிகள் இரட்டை இரட்டையாக நிற்கும். வெளியே காசு கட்டி எடுத்த ஸ்பெக்ட்ரத்தை வைத்து அழுவீர்கள். ஒரே கை கேம்ஃபர்குவினோனாகப் பார்த்து வாங்குங்கள். செலினியம் வேலையும் மிச்சம். அந்த லேபில் ஃப்யூம் ஹுட் எப்படி இழுக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஹைட்ரசீன் படிக்காவது அது ஒழுங்காக இழுக்க வேண்டும். ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொரு பொறி: அந்த டைகீட்டோனில் இரண்டு கார்போனைலும் ஒன்றுபோல இல்லை. ஒன்றுக்குப் பக்கத்தில் மீத்தைல் நெருக்குகிறது. அமிட்ரசோன் எந்தப் பக்கத்தில் முதலில் ஒட்டியது என்பதைப் பொறுத்து ரெஜியோ ஐசோமர் மாறும். என்.எம்.ஆர். கேட்கும்போது நோயெசியும் (எந்த ஹைட்ரஜன் எதன் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் சோதனை) சேர்த்துக் கேளுங்கள்.

கதிர்வீச்சுக்கு முன்னால் மலிவான சோதனை ஒன்று இருக்கிறது. லிகண்டை ஆக்டனாலில் கரைத்து, 4 மோலார் நைட்ரிக் அமிலத்தோடு பழுப்புக் குப்பியில் போட்டு, அவ்வப்போது கொஞ்சம் எடுத்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். பழைய, மஞ்சளடித்த அமிலத்தில் ஒரு குப்பி, புது அமிலத்தில் ஒரு குப்பி. நைட்ரஸ் அமிலத்தின் சேட்டை அதிலேயே தெரிந்துவிடும். அதில் பிழைத்தால் காமா சேம்பர் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு மூடிய குப்பிகளை அனுப்பலாம். கல்பாக்கம் பக்கத்தில் கோகிலமேட்டில் யு.ஜி.சி.-டி.ஏ.ஈ. மையம் இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு அணுசக்தித் துறைக் கருவிகளைத் திறந்துவிடுவதற்கே வைத்தது. கைடு மூலமாக எழுதுங்கள். அமெரிசியத்தைத் துளியளவு வைத்துச் செய்யும் ட்ரேசர் சோதனையைப் பற்றியும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள், தனியாகக் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

முதல் ஸ்பெக்ட்ரம் வந்ததும் இங்கேயே போடுங்கள். உங்கள் பெயரை மறைத்துக்கொள்ளலாம், கரைப்பான் உச்சியை மறைக்க வேண்டாம்.